அடி தட்டாத பானைகள்

எங்கள் அப்பாவுக்கு வாயைத் திறந்து எதையும் கேட்கத் தெரியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் சோறு தீர்ந்தால்கூட, பரிமாறுகிறவர் தானாகப் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார்.

பெரியகுளத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் பானைக் கொட்டகை. மோட்டார் வைத்த சக்கரத்தில் அப்பா பானையை எழுப்பி அறுத்து வைப்பார். அப்போது அதற்கு அடி இருக்காது, திறந்தே கிடக்கும். பாதி காய்ந்து இறுகியதும், உள்ளே ஒரு கல்லை அணைத்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். அந்த வேலை அம்மாவுடையது. முழுக்கக் காய்ந்துவிட்டால் தட்ட முடியாது, விரிசல் விட்டுவிடும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், மார்கழி பிறக்கும் முன்பே அம்மா கோபித்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டியில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஏதோ பேச்சில் வார்த்தை தடித்துவிட்டது. என்னையும் கூப்பிட்டாள்; படிப்பு கெடும் என்று அப்பா விடவில்லை. அவள் சேலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். அப்படியும் அழுகை வரும்.

பொங்கல் பானைக்குத் தேனி கடைக்காரர் ஒருவர் சொல்லி வைத்திருந்தார். அப்பா பானைகளை எழுப்பிக்கொண்டே இருந்தார், ஒன்றுக்கும் அடி தட்டவில்லை. எல்லாவற்றையும் ஈரச்சாக்கால் மூடி வைத்தார். குளிர்காலத்தில் மண் லேசில் காயாது என்றாலும் மலைக்காற்று பட்டால் விளிம்பு வெளுத்துவிடும். அதனால் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். பனியில் அவர் விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

"அண்ணே, மதினி இப்ப வரமாட்டாக போல. நீயே தட்டிரேன்" என்றார் சித்தப்பா.

"வருவா" என்றார் அப்பா.

ஒருநாள் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு, பேசாமல் என்னிடம் நீட்டினார். "பானை காயுதுன்னு சொல்லு, ஆத்தா."

சொன்னேன். அம்மா, "தண்ணி தெளிச்சு வைக்கச் சொல்லு" என்றாள்.

அன்று அப்பா எனக்கு முட்டை பரோட்டா வாங்கித் தந்தார். பானைக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னதற்கு எதற்கு இத்தனை கொண்டாட்டம் என்று எனக்கு விளங்கவில்லை. பரோட்டா கிடைத்ததே போதும் என்றிருந்தது.

சூளை போட வேண்டிய நாள் நெருங்கியது. நனைத்து நனைத்துச் சில பானைகள் தோள் சரிந்து உட்கார்ந்துவிட்டன. கடைக்காரர் ஆள் அனுப்பிச் சத்தம் போட்டார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொட்டகையிலிருந்து பலகைச் சத்தம் கேட்டது. அம்மா வந்துவிட்டாள் என்று பையை வீசிவிட்டு ஓடினேன்.

அப்பா தனியாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். அம்மா தட்டுவதைப் போலவே அடி அழகாக உருண்டு மூடியது.

"ஒங்களுக்கும் தெரியுமாப்பா?"

"தெரியும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் அம்மாவே போன் போட்டாள். அப்பா குளிக்கப் போயிருந்தார்.

"பானை என்னாச்சு, ஆத்தா?"

"அப்பாவே தட்டிட்டாகம்மா!"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒன்னுகூட பாக்கி இல்ல."

"நல்லா சாப்புடு, என்ன" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பொங்கலுக்கு அம்மா வரவில்லை. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு அவள் வரவே இல்லை. லீவு விட்டால் நான்தான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வேலைதான் முடிந்துவிட்டதே, இனி அம்மா வந்தால் பொழுதெல்லாம் என்னோடேயே இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்ற நல்ல சேதியை அப்பாவிடம் சொல்ல வாசலில் காத்திருந்தேன்.