மாப்பிள்ளை வண்டி ஏறிய கதை

வேன் அக்கா எதையும் தப்பாகச் சொன்னதில்லை. இது ஊர் சொன்னதல்ல, அக்காவே சொன்னது. ஆனால் அவள் சொல்லும் தோரணையில், கேட்டவர்கள் அதை ஊரே சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். கைவிடப்பட்ட நாய் பூனைகளைப் பராமரித்து வீடு தேடிக் கொடுக்கும் காப்பகத்தில் வேன் ஓட்டுவதுதான் அவள் வேலை. நடையைப் பார்த்தால் காப்பகத்தையே அவள் பேருக்கு எழுதி வைத்துவிட்டார்களோ என்று தோன்றும்.

அதற்கு முன்னால் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். எந்தப் பிள்ளை வீட்டில் அடி வாங்கிவிட்டு வருகிறது, எது வீட்டுப்பாடம் எழுதாமல் வயிற்றுவலி என்று நடிக்கிறது என்பதையெல்லாம் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடம் பெரிய பஸ் வாங்கி அவளை வீட்டுக்கு அனுப்பியபோது மூலையில் உட்கார்ந்து அழவில்லை. நேராகக் காப்பகத்துக்கு வந்து மேனேஜர் அம்மா முன்னால் நின்றாள். "வாய் ஓயாம பேசறதுங்களையே இத்தனை வருஷம் ஏத்தி இறக்கிட்டேன். இதுங்க பாவம், எதிர்த்தா பேசப் போகுது?" என்று கேட்டாள். வேலை கிடைத்தது. முதல் நாளே ஒரு பூனை அவள் முழங்கையைப் பிறாண்டிக் கோடு போட்டது. அந்தப் பூனைக்குச் சாயங்காலத்துக்குள் வீடு பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் மருந்து போட்டுக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். சாது. "நீ சொன்னா சரிதான்" என்பது அவர் தினமும் சொல்கிற வாக்கியம். வீட்டில் நிம்மதியாக இருப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி அவருக்குக் கிடைக்கவில்லை.

காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிராணியை வீட்டில் கொண்டுபோய் விட்டதோடு வேலை முடியாது. ஒரு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். வைத்துக்கொள்வார்களா, திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பது அன்றைக்குத்தான் முடிவாகும். மற்ற காப்பகங்களில் இதற்குப் படித்தவர்கள் போய் ஆயிரத்தெட்டுக் கேள்வி கேட்பார்களாம். அக்கா ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். வேனை அந்த வீட்டு வாசலில் நிறுத்துவாள். கதவைத் திறந்து வைப்பாள். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாள். அவ்வளவுதான்.

வேனைக் கண்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தால், வீடு பிடித்துவிட்டது, இனி அங்கிருந்து கிளப்ப முடியாது என்று அர்த்தம். வெளியே வந்து அக்காவை முகர்ந்துவிட்டு, வீட்டுக்காரர் காலடியில் போய் நின்றுகொண்டால் அதுவும் சரிதான். ஆனால் தாவி வேனில் ஏறிவிட்டால் கதை முடிந்தது. அந்த வீட்டில் ஏதோ கோளாறு. பேச்சு எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒருமுறை பளிங்குத் தரை போட்ட வீட்டிலிருந்து ஒரு குட்டி இப்படித்தான் ஓடிவந்து சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. அந்த வீட்டம்மா உருகி உருகிப் பேசினாள். அதைப் பகலெல்லாம் குளியலறையில் போட்டுப் பூட்டியிருந்த விஷயம் அப்புறம்தான் பக்கத்து வீட்டார் வாயிலாகத் தெரிந்தது. அதிலிருந்து மேனேஜர் அம்மாவும் அக்கா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசுவதில்லை. தன்னைக் கண்டு ஓடி ஒளிகிற நாய்தான் அக்காவுக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற போனஸ். அன்றைக்கெல்லாம் விசில் அடித்துக்கொண்டே வண்டி ஓட்டுவாள்.

மாப்பிள்ளை என்பது ஒரு பழுப்பு நாய். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். குளிப்பாட்டி, கழுத்துப்பட்டை கட்டி, வேனின் முன் சீட்டில் உட்கார வைத்தால் ஒரு முறுக்கோடு நேராகப் பார்த்துக்கொண்டு வருவான். அதனால் அக்கா வைத்த பேர் அது. ஆனால் போன இடத்தில் நிலைக்கிற அதிர்ஷ்டம்தான் இல்லை. முதல் வீட்டார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். இரண்டாவது வீட்டில் குழந்தை பிறந்தது, நாய் முடி ஆகாது என்றார்கள். இரண்டு முறையும் அக்காதான் போய்க் கூட்டி வந்தாள். மூன்றாவது முறையும் திரும்பி வந்துவிட்டால் பிறகு வெளியே யாருக்கும் கொடுப்பதில்லை என்பது காப்பகத்தின் விதி. பின்வரிசைக் கூண்டுகளுக்கு மாற்றிவிடுவார்கள். வேளைக்குச் சோறு, வியாதிக்கு மருந்து, சாகிற வரைக்கும் அதே சுவர். பார்க்க வருகிறவர்களை அந்தப் பக்கம் அழைத்துப் போவதே கிடையாது.

மூன்றாவதாக அவனை எடுத்துக்கொண்டவர் ஒரு மெக்கானிக். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. அவர் மனைவி பட்டறை வாசலில் மேசை போட்டு உதிரிபாகம் விற்பாள். அவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். மெக்கானிக் வாயைத் திறந்தால் வண்டியைப் பற்றி மட்டும் ரெண்டு வார்த்தை வரும். நாயை இறக்கிவிட்ட அன்று அவர் குனிந்து அந்த மடங்கிய காதை நிமிர்த்திப் பார்த்தார், அது மறுபடி மடங்கியதும் சிரித்தார். அக்காவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது.

அதனால்தான் ஒரு மாதம் கழித்து நடந்ததைப் பார்த்து அவளுக்குப் பகீரென்றது. வேன் கதவைத் திறந்து கை கட்டி நின்றாள். மாப்பிள்ளை பட்டறைக்குள்ளிருந்து வயிறெல்லாம் கறுப்பு எண்ணெயாக ஓடிவந்தான். ஒரே தாவல். முன் சீட்டில் ஏறி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "வண்டின்னா அவனுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. அதுவே சொல்லிடுச்சு," என்றாள் அக்கா.

"என்னக்கா சொல்லிடுச்சு?" மேசையிலிருந்து மனைவி எழுந்து வந்தாள். "நாங்க சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி அதுக்கு வச்சுட்டுத்தான் உக்கார்றோம். உள்ள வந்து பாருங்க, மெத்தைகூடத் தச்சுப் போட்டிருக்கேன்."

"மெத்தை எல்லாம் போடலாம்மா. அதுக்கு இங்க இருக்கப் பிடிக்கல. எத்தனை நாய் பார்த்திருக்கேன் நான்!" அவள் குரல் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டது.

மனைவி சண்டைக்குக் கிளம்பினாள். மெக்கானிக் அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடித்த கையையே மறுபடியும் துடைத்தார். "விடு," என்றார் மனைவியிடம். "அவங்களுக்குத் தெரியும். அதுக்கு இஷ்டமில்லன்னா விடு." உள்ளே போய்விட்டார்.

அக்கா வண்டியைக் கிளப்பினாள். மனசு கனத்தது. ஆனால் சந்தேகம் மட்டும் துளிகூட வரவில்லை.

பின்வரிசையில் கொண்டுபோய் விட்டபோது மேனேஜர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் இருக்கேன்ல," என்று அவளுக்கு அக்காதான் தைரியம் சொன்னாள். மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. காலாற நடக்கத் திறந்துவிடும் நேரத்தில், காப்பகத்துக்குள் எந்த வண்டி வந்தாலும் போய் ஏறினான். அக்காவின் வேனில் ஏறினான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆட்டோவில் ஏறினான். பிராணிகளைப் பார்க்க வரும் டாக்டரின் ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் சுருண்டு உட்கார்ந்துகொண்டு, இழுத்தாலும் இறங்க மாட்டேன் என்றான்.

"என்னை விட்டுப் பிரிய அவனுக்கு மனசில்ல," என்றாள் அக்கா. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"சரி, ஸ்கூட்டர்ல ஏறினானே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள் மேனேஜர் அம்மா.

"டாக்டரையும் பிடிச்சிருக்கு," என்றாள் அக்கா, சளைக்காமல்.

தீவனம் இறக்க லாரி வந்த அன்று அக்காவின் பாச்சா பலிக்கவில்லை. வழக்கமாக வருகிற டிரைவருக்குக் காய்ச்சல் என்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். மூட்டையெல்லாம் இறக்கிவிட்டு வந்து பார்த்தால், லாரியின் முன் சீட்டில் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். டிரைவர் கோபப்படவில்லை. சத்தமாகச் சிரித்தார்.

"அட, நீ எங்கடா இங்க? அக்கா, இது நம்ம மெக்கானிக்கோட நாய்தானே?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் லாரி அங்கதானே ரிப்பேருக்குப் போகும். வேலை முடிஞ்சதும் வண்டி எப்படி இருக்குன்னு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பாரில்ல, அப்ப இவன் கூட இல்லாம வண்டி கிளம்பாது. பட்டறையில எந்த வண்டி கதவு திறந்தாலும் இவன்தான் முதல்ல ஏறுவான். ரவுண்டு முடிச்சு மறுபடி வீட்டு வாசல்ல நின்னாத்தான் இறங்குவான். நடுவுல நீங்க என்ன பண்ணாலும் இறங்க மாட்டான்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சிலிண்டர் ஆட்டோ, ஸ்கூட்டர், இந்த லாரி எல்லாம் வரிசையாக அவள் முன்னால் வந்து நின்றன. எந்த வண்டியில் ஏறினாலும் அது கடைசியில் தன் வீட்டு வாசலில்தான் நிற்கும் என்று அந்த நாய் நம்பியிருக்கிறது. அவளுடைய வேனையும் அப்படித்தான் நம்பி ஏறியிருக்கிறது. அந்த நம்பிக்கையை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் பூட்டியது அவள்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நேராக ஆபீசுக்குப் போனாள். "நான் தப்பா சொல்லிட்டேன்."

மேனேஜர் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

"உங்க காது நல்லாத்தான் இருக்கு. மெக்கானிக் வீட்டுக்கு ஒரு போன் போடுங்க."

போனை எடுத்தது மனைவி. காப்பகம் என்றதுமே பொரிந்து தள்ளினாள். "அதுக்கே பிடிக்காத வீடுன்னு நாலு பேர் பார்க்க எங்க வாசல்ல நின்னு சொன்னீங்கல்ல? அன்னைலருந்து அவர் சரியாச் சாப்பிடறதில்ல. இனிமே உங்க சங்காத்தமே வேண்டாம்." பட்டென்று வைத்துவிட்டாள்.

"நான் விதியைத் தளர்த்தினாலும் அவங்க வாங்க மாட்டாங்க போலிருக்கே," என்றாள் மேனேஜர் அம்மா. "அவங்களும் வேண்டாம்னா இவனுக்குப் பின்வரிசைதான். கொஞ்ச நாள் ஆறப் போட்டு அப்புறம் பேசிப் பார்க்கலாமா?"

"ஆறப் போட இது என்ன கஞ்சியா? நான்தான் ஏத்தினேன், நானே இறக்கிட்டு வரேன்," என்றாள் அக்கா. சாவியை எடுத்துக்கொண்டாள். வேன் கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை ஏறிவிட்டான். அவனைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பட்டறைத் தெரு முனை திரும்பியதும் அவன் எழுந்து நின்றுவிட்டான். வேன் நிற்பதற்குள் பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அக்கா எட்டிக் கதவைத் திறந்ததும் அவள் கையை மிதித்துக்கொண்டு குதித்து ஓடினான். மேசையின் மேல் இருந்த பல்பு டப்பாக்கள் சிதறின. தூக்கி நிறுத்தியிருந்த ஒரு காருக்கு அடியில் புகுந்து மறைந்தான். அங்கே மெக்கானிக்கின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ஸ்பானர் சத்தம் நின்றது.

மனைவி இடுப்பில் கை வைத்து வழியை மறித்தாள். "என்ன வேணும்? பல்பா, பெல்ட்டா?"

"திட்டணும்னா திட்டும்மா. திட்டி முடிச்சுட்டு வழி விடு," என்றாள் அக்கா.

அவ்வளவு சுலபமாகச் சரணடைந்தவளை எப்படித் திட்டுவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நகர்ந்துகொண்டாள்.

அக்கா அந்தக் கால்களுக்கு முன்னால் போய் நின்றாள். மேடையில் பேசச் சொன்னால்கூடத் தயங்காதவள், இரண்டு செருப்பைப் பார்த்துக்கொண்டு திணறினாள். "தம்பி, தீவன லாரிக்காரர் எல்லாம் சொன்னாரு. அன்னைக்கு நீங்க சொல்ல வந்தீங்க, நான்தான் கேக்கல."

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. முகம் தெரியாமல் இருந்ததால்தான் அவ்வளவு வார்த்தை வந்ததோ என்னவோ.

"நீங்க எத்தனையோ நாயைப் பார்த்தவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்ப நான் அவனை என்னமோ பண்ணியிருக்கேன்னுதானே அர்த்தம்? அது என்னன்னு தேடித் தேடிப் பார்த்தேன். ஒருநாள் கிரீஸ் டப்பாவைக் கவுத்துட்டான்னு அதட்டினேன். அதுவா இருக்குமோ? ஒரு ராத்திரி வேலை முடிய லேட்டாகி, சோறு லேட்டா வச்சோம். அதுவா இருக்குமோ? தினமும் இதேதான். தூங்கவே முடியலக்கா."

மேசைப் பக்கம் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை நாளில் அவளிடம்கூட அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை.

அக்கா நாயின் வீட்டைத்தான் பறித்தோம் என்று நினைத்து ஓடி வந்திருந்தாள். பேசத் தெரியாத ஒரு நல்ல மனுஷனைத் தன் மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

அவள் யோசிக்கவில்லை. எண்ணெயும் தூசியும் கலந்த அந்தத் தரையில் முழங்காலை ஊன்றி, கையை ஊன்றி, அப்படியே ஒருக்களித்துப் படுத்துக் காருக்கு அடியில் தலையை நீட்டினாள். மெக்கானிக் மல்லாந்து படுத்திருந்தார். அவர் நெஞ்சின் மேல் மாப்பிள்ளை தலையை வைத்திருந்தான். அவர் கை அவன் கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தது.

"தம்பி, என் முகத்தைப் பாருங்க. நீங்க ஒண்ணுமே பண்ணல. அவன் ஏறினது என்கூட வர்றதுக்கு இல்ல. உங்ககூட ஒரு ரவுண்டு போறதுக்கு. அங்க வந்த வண்டி ஒண்ணு விடாம ஏறிப் பார்த்தான். எல்லாம் உங்ககிட்ட திரும்பி வர்றதுக்குத்தான். நான் சொன்னது தப்பு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பின்னாலிருந்து மனைவி வந்து அக்காவின் தோளைத் தொட்டாள். "எந்திரிங்கக்கா. துணியெல்லாம் ஆயில். அவருக்குக் கேட்டுடுச்சு."

"இரும்மா," என்றாள் அக்கா, எழுந்திருக்காமலே. "அன்னைக்கு உன் வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னேன்ல." தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, "நான் சொன்னது தப்பு தம்பி," என்று இன்னொரு முறை சொன்னாள்.