ஏழு ஒழுகலும் ஒரு பிளம்பரும்

1. பதவி உயர்வு

நான் திறமையால் பிளம்பர் ஆனவன் என்று என் மனைவி இன்றும் நம்புகிறாள். உண்மையில் என்னைப் பிளம்பர் ஆக்கியது விமானம்.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் கான்ட்ராக்டர் கோதண்டத்திடம் நான்கு பிளம்பர்கள் இருந்தார்கள். தலைமை பிளம்பர் துரைசாமி மஸ்கட் போனார். அடுத்து ஒருவர் துபாய். மற்ற இருவரும் பம்பாய்க்கு ரயிலேறி, ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து, அவர்களும் பறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே போனவர்கள் அனுப்பிய பணத்தில்தான் இங்கே திண்டிவனம் வரைக்கும் மாடி வீடு, மேல் தொட்டி, படுக்கை அறைக்குள்ளேயே பாத்ரூம் என்று கட்ட ஆரம்பித்தார்கள். ஊரெல்லாம் குழாய் கேட்டது. குழாய் போடுகிறவன் ஊரில் இல்லை.

நான் துரைசாமிக்கு நாலு வருஷ ஹெல்பர். அவர் ஜி.ஐ. இரும்புப் பைப்பை வைஸ் பிடியில் இறுக்கி, டை செட்டைச் சுற்றி அதன் முனையில் மரை, அதாவது திருகுப் பள்ளம், வெட்டும்போது, நான் பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்றுவேன். டீ வாங்கி வருவேன். ஜோக் சொல்வேன். இதில் மூன்றாவதில்தான் எனக்கு நல்ல பெயர்.

ஒருநாள் காலை கோதண்டம் குடோனுக்கு வந்தார். காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேறு யாராவது இருக்கிறார்களா என்று எனக்குப் பின்னாலும் பார்த்தார்.

"டேய் சேகரு, இன்னையிலேர்ந்து நீதான்டா பிளம்பரு."

"மொதலாளி, நான் எண்ணெய் ஊத்துறவன்."

"நாலு வருஷம் ஊத்திக்கினு சும்மாவா நின்னே? பாத்துருப்பே இல்ல? திண்டிவனத்துல டாக்டரம்மா ஒருத்தங்க பிரசவ ஆஸ்பத்திரி கட்டுறாங்க. பைப் லைன் பூரா நம்மளுது. ஜல்தியா கெளம்பு."

பார்த்திருப்பேன்தான். நான் பார்த்ததெல்லாம் ரோட்டில் போகிற வருகிறவர்களை.

2. அஞ்சலை அக்கா

தினம் காலையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டை செட், வைஸ், பைப் ரெஞ்ச் எல்லாவற்றையும் கோணிப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறுவேன். அதே பஸ்ஸில் கொத்து வேலை ஆட்களும் வருவார்கள். அவர்களில் ஒருத்தி அஞ்சலை அக்கா. காணை கிராமத்துப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். சித்தாள் வேலை, அதாவது கல்லும் கலவையும் தலையில் சுமக்கிற வேலை.

அவளை எனக்கு ஹெல்பராக அனுப்பியது கொத்தனார் மேஸ்திரி. தாராள மனசு என்று நினைத்தேன். இரண்டாம் நாள்தான் காரணம் தெரிந்தது. பாரம் தூக்கித் தூக்கி அவள் கழுத்து போயிருந்தது. சட்டி சுமந்தால் அரை மணி நேரத்தில் இரண்டு கையும் மரத்துப் போகும்.

"நைட்டு சோறு பெசைய சொல்லோ சூடு தெரியல தம்பி. கொதிக்குதா ஆறிடுச்சான்னு புள்ளயத்தான் கேக்கணும். வெளிய சொல்லிடாத. சொன்னா நின்னுக்கோன்னுடுவாங்க. அப்புறம் கரும்பு வெட்டத்தான் போவணும். அந்தக் கட்டைத் தூக்குறதுக்கு இந்தச் சட்டியே தேவல."

என்னிடம் அவளுக்குச் சுமை இல்லை. தண்ணீர் கசியாமலிருக்க மரை மேல் சணல் சுற்றி ஒயிட் லெட் பசை தடவித் தரவேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அவள் கைக்கு உயிர் வந்தது. வந்த உயிரை வைத்துக்கொண்டு முதல் வேலையாக என் மரையைக் குறை சொன்னாள்.

கட்டை விரலால் மரையைத் தடவிப் பார்த்து, "இன்னா தம்பி இது, பல்லு போன வாயாட்டம் கீது" என்பாள்.

"கடிக்காதுக்கா, தைரியமா சுத்து" என்பேன்.

"தொரசாமி அண்ணன் மூணு தரம் டை ஓட்டுவாரு. மொத தரம் லேசா, அப்புறம் கொஞ்சம், அப்புறம் ஆழமா. நீ ஒரே ஓட்டுல முடிச்சிடுற."

"அது பழைய மெதடு."

"நடுவுல நடுவுல ஒண்ணு மாட்டுவாரே, லைனைப் பிரிக்கறதுக்கு?"

"யூனியனா? லீக் ஆனாத்தானே பிரிக்கணும்? நாம போட்டா லீக் ஆகாது."

இந்த வசனத்தைப் படிக்கிற இளம் பிளம்பர்கள் இங்கே ஒரு நிமிடம் நிறுத்திச் சிரித்துக்கொள்ளலாம். தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜி.ஐ. லைனில் யூனியன் இல்லாமல் நடுவில் ஒரு பைப்பை மட்டும் கழற்ற முடியாது. இந்தப் பக்கம் மரை கழன்றால் அந்தப் பக்கம் இறுகும். கடைசிக் குழாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் பைப்பையே அறுக்கவேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும். யூனியன் போட நேரம் பிடிக்கும், என்னை எல்லோரும் சுறுசுறுப்பானவன் என்று சொல்லவேண்டும், அதுதான் விஷயம்.

அதே சுறுசுறுப்பில், டெஸ்ட் பண்ணுவதற்கு முன்னாலேயே சுவரைப் பூசச் சொல்லிவிட்டேன்.

3. முள் விழுந்த நாள்

டெஸ்ட் பம்ப் என்பது லைனுக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றும் கைப்பம்பு. அதில் ஒரு மீட்டர் இருக்கும். அழுத்தம் ஏற ஏற முள் ஏறும். லைன் சரியாக இருந்தால் முள் அப்படியே நிற்கும்.

அன்று டாக்டரம்மா வந்திருந்தார். கோதண்டம் புது வேட்டியில் வந்திருந்தார். நான் பம்பை அடித்தேன். முள் ஏறியது. கையை எடுத்தேன். முள் இறங்கியது. மறுபடி அடித்தேன். ஏறியது, இறங்கியது. மாடியில் பிரசவ அறைச் சுவரில் மூக்குக் கண்ணாடி அளவுக்கு ஒரு ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தாம்பாளம் அளவுக்கு ஆனது.

"சுவர் எதுக்கு அழுவுது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

என் வாயிலிருந்து ஜோக் வராத முதல் நாள் அது.

"இன்னும் பத்து நாள்ல திறக்கணும். இப்பவே மூணு பேர் இங்கதான் பிரசவம்னு சொல்லி வெச்சிருக்காங்க. தண்ணியில்லாம நான் எப்படிப் பிரசவம் பாக்கறது? ஒரு வாரம் டைம். முடியலன்னா வேற கான்ட்ராக்டர் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோதண்டம் நேராகப் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து கடலூர். மறுநாள் சாயங்காலம் செருப்பு அறுந்து திரும்பி வந்தார்.

"பேஜாராப் போச்சுடா. ஒருத்தனும் இல்ல. இருக்கறவனும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுட்டு ஒக்காந்துக்கினு இருக்கான். சுவர் பூராவும் ஒடைச்சிட்டு முழுக்கத் திரும்பப் போடணும். ஒரு வாரத்துல எங்க ஆவறது? வேலை போனாப்போல தான். அஞ்சலை, நீ நாளைக்குக் கொத்து வேலைக்கே போய்டு."

அவர் போன பிறகு அஞ்சலை அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"முழுக்க எதுக்குத் தம்பி ஒடைக்கணும்? ஏழு எடந்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெரலுக்குத் தெரிஞ்சுது. வழுக்குனதுக்கெல்லாம் சணல் கூட ரெண்டு சுத்து சுத்தி வெச்சேன். அப்பவும் மனசு ஒப்பல. பிரசவ ரூம்புல ரெண்டு, படிக்குக் கீழ ஒண்ணு, சமையக்கட்டுல ஒண்ணு, கக்கூஸுங்கள்ல மூணு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. கடிக்காதுன்னியே."

4. ஏழு

மறுநாள் மேஸ்திரியிடம் கெஞ்சி அவளை ஒரு நாள் கடன் வாங்கினேன். அவள் விரல் வைத்த இடத்தில் உளி வைத்தேன். முதல் இடத்தில் தண்ணீர். இரண்டாவதில் தண்ணீர். ஏழையும் உடைத்தோம். ஏழிலும் தண்ணீர். வேறு எங்கும் ஒரு சொட்டு இல்லை. என் நாற்பது சொச்சம் ஜாயின்டில் ஏழுதான் ஒழுகுகிறது என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது. மற்றவற்றைக் காப்பாற்றியது அவள் சுற்றிய சணல் என்பது பிறகுதான் உறைத்தது.

பைப்பை அறுத்துக் கழற்றினோம். புது மரை போட டை செட்டை எடுத்தேன். அவள் கையை நீட்டினாள்.

"குடு."

"இது பலம் வேணும்க்கா."

"கைப்பிடி இம்மா நீளம் எதுக்கு வெச்சிருக்கான்? பலம் இல்லாதவங்களுக்குத்தான். நீ எண்ணெய ஊத்து."

ஊத்தினேன். அதில் எனக்கு நாலு வருஷ அனுபவம். லேசாக ஒரு ஓட்டு, துடைத்துவிட்டு இன்னொரு ஓட்டு, கடைசியில் ஆழமாக. வைஸில் இருந்து எடுத்த பைப்பின் முனை புது நாணயத்தின் விளிம்பு மாதிரி இருந்தது. சித்தாளாகத் துரைசாமி வேலை செய்த கட்டடங்களில் கலவை சுமந்துபோன காலத்தில் போகிற போக்கில் அவரைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். தலையில் சட்டியோடு போனவள் பார்த்ததைக் கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றவன் பார்க்கவில்லை.

ஒரு நாள் நாலு நாள் ஆனது. ஏழு இடத்திலும் யூனியன் வைத்தோம். ஐந்தாம் நாள் காலையில் பம்ப் அடித்தேன். முள் ஏறி நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் அங்கேயே நின்றது. மீட்டர் ரிப்பேரோ என்று தட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

5. யாரும் நம்பாத ஜோக்

கோதண்டம் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "சபாஷ்டா! தொரசாமி எதுக்குடா இனிமே? விழுப்புரத்துல ஹாஸ்டல் வேலை வந்துருக்கு, அதுவும் நீதான். அஞ்சலை, நீ கெளம்பு. கொத்துல ஆள் இல்லாம மேஸ்திரி கத்திக்கினு கெடக்கறாரு."

அவள் முந்தானையைச் சுருட்டித் தலையில் பாரம் வைக்கச் சும்மாடு கட்ட ஆரம்பித்தாள். கட்டும்போதே ஒரு கையால் இன்னொரு கையின் விரல்களை நீவிவிட்டுக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்றைக்கு நான்தான் விழுப்புரத்தின் தலைமை பிளம்பர். ஒரு நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதை மறைப்பானேன்.

"மொதலாளி, மரை போட்டது நானில்ல. அக்கா."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், உன் வாய் இருக்குதே!"

நாலு வருஷமாக ஜோக் சொன்னவனுக்கு இதுதான் கதி. உண்மையைச் சொன்னேன், கட்டடமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் பொறுக்கவில்லை.

ஒரே அளவில் இரண்டு பைப் துண்டு அறுத்தேன். ஒன்றில் நான் மரை போட்டேன். இன்னொன்றை அவளிடம் கொடுத்தேன். சும்மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து போட்டாள். கோதண்டத்தின் கையில் இரண்டு எல்போவை, அதாவது பைப் முனையில் மாட்டும் வளைவை, கொடுத்து, "நீங்களே சுத்திப் பாருங்க" என்றேன். என்னுடையதில் எல்போ கோணலாக ஏறி லொடலொடவென்று ஆடியது. அவளுடையதில் நாலு சுற்று வழுவழுவென்று போய் இறுகி நின்றது.

அவர் சிரிப்பு நின்றது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சரிடா. கை இருக்குது. ஒத்துக்கறேன். ஆனா பொம்பளைய பிளம்பர்னு சொல்லி எவன் வீட்டுக்குள்ள அனுப்புறது? எவன் ஒத்துப்பான்?"

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா இறங்கி வந்தார். "நான் ஒத்துக்கறேன். பிரசவ ரூம்ல குழாய் ரிப்பேர்னா இவரையா உள்ள விடுவேன்? அம்மா, உங்க பேர் என்ன?"

"அஞ்சலைங்க."

"மிஸ்டர் கோதண்டம், எங்க ஆஸ்பத்திரிக்கு அஞ்சலையம்மாதான் பிளம்பர். எழுதிக்குங்க."

கோதண்டம் எழுதிக்கொண்டார். ஹாஸ்டல் வேலைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். அங்கே போனதும் அவள் முதலில் கேட்டது, எத்தனை யூனியன் வாங்கி வந்திருக்கிறாய் என்று.

6. பெஞ்சு

இப்போதும் கான்ட்ராக்டர்கள் என்னிடம் வந்து ஆளே கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள். உங்கள் சைட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று கேட்பேன். பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கே கூட்டுகிற ஆளையும் சுமக்கிற ஆளையும் அவர்கள் எண்ணுவதில்லை. நானும் எண்ணாதவன்தான். எண்ணக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழு ஒழுகல் தேவைப்பட்டது.

ஆஸ்பத்திரி திறந்து கொஞ்ச நாளில் பிரசவ அறையில் ஒரு குழாய் மக்கர் செய்தது. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். ஆயா கதவை மறித்தாள். "ஆம்பளைங்க அப்பால."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓமந்தூர்க்காரர் ஒருவர் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மொதக் கொழந்தையா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு முக்கால் இஞ்ச் குழாய்ங்க" என்றேன். அவருக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. பாவம், வேர்த்துக் கொட்டியது. நானும் பேச்சை நிறுத்திவிட்டு அவரோடு சேர்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஒரு அழுகை கேட்டது. சற்றுப் பொறுத்து, நர்ஸுக்கு முன்னால் அஞ்சலை அக்காதான் ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"ஓமந்தூர்க்காரர் ஆரு? பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. வெந்நீ வெதுவெதுன்னு இருக்குதான்னு யாரையும் கேக்காம நான்தான் தொட்டுப் பாத்துச் சொன்னேன்."

குழாய் என்ன ஆனது என்று சொல்ல மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.