காதுக்குப் போன கை

கொச்சி மட்டாஞ்சேரியில் வாரக் கடைசி சாயங்காலங்களில், ஏதாவது ஒரு கடையின் மாடியில் ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடுவோம். மெஹ்ஃபில் என்று பெயர். எனக்கு யாரும் பாட்டுச் சொல்லித் தரவில்லை. அங்கே கேட்டுக் கேட்டு வந்ததுதான். கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சுருதி ஏறும் இடத்தில் வலது கை தானாகப் போய் வலது காதைப் பொத்திக்கொள்ளும்.

அந்தக் கையால்தான் என் லைசென்ஸ் போகப் பார்த்தது.

கோயம்புத்தூரில் மனைவியின் அக்கா வீட்டுக் கல்யாணம். என் டாக்ஸியிலேயே போய்வந்தோம். கொஞ்ச நாளில் செல்போனுக்குச் செய்தி: வண்டி ஓட்டும்போது போனில் பேசியதற்கு அபராதம். ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரரிடம் காட்டினேன். சிரித்தார்.

"வாளையார் பார்டர் தாண்டினா அது அவங்க நாடு அண்ணே. அங்க போட்டது அங்கயே கெடக்கும். சாயாவக் குடிங்க."

குடித்தேன். ஆனால் வாளையாரில் நான் இறக்கி விட்டுவிட்டு வந்ததாக நினைத்தது என் பின்னாலேயே வந்திருக்கிறது. அங்கத்திய போலீஸ் எழுதி அனுப்ப, எனக்கு லைசென்ஸ் கொடுத்த இங்கத்திய ஆபீசிலிருந்தே நோட்டீஸ் வந்தது. மூன்று மாதத்துக்கு அதை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது, நேரில் வந்து சொல் என்று. மூன்று மாதம் வண்டி நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும்.

வண்டியில் கூட இருந்தவள் என்பதால் மனைவியையும் அழைத்துப் போனேன்.

மலையாளி அதிகாரி, கோயம்புத்தூர் போலீஸ் கேமராவில் விழுந்த என் போட்டோவை மேசைமேல் வைத்தார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை காதில், வாய் ஆவென்று திறந்து கிடக்கிறது.

"போன் இல்ல சாரே, பாடிட்டிருந்தேன்."

"வர்றவன் எல்லாம் ஒரு கத கொண்டுவரும். இது புதுசு." அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, போனா, பாட்டா?"

"பாட்டுதான் சாரே. போனா இருந்தா எப்பவாவது வச்சிருப்பாருல்ல? வாளையார் வரைக்கும் நிறுத்தலையே!"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது.

"எங்க, ஒண்ணு பாடு, கேக்கட்டே. கை ரெண்டும் கீழ" என்றார் அதிகாரி.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். முதல் அடி இருமல் மாதிரி வந்தது. இரண்டாவதில் பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடி ஏறினேன். விழித்துப் பார்த்தால், வலது கை காதில் இருக்கிறது. எப்போது போனதென்று சத்தியமாகத் தெரியாது.

அதிகாரி போட்டோவைத் தூக்கி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அதே கை, அதே வாய். கடைவாய்ப் பல்லு வரைக்கும் அதேதான்." போட்டோவைக் கீழே வைத்தார். "அபராதம் அவங்க போட்டது, அத எதிர்த்து அங்கதான் எழுதணும். லைசென்ஸ் என் பொறுப்பு. அது உன் கையிலயே இருக்கட்டே." உடனே விரலை நீட்டினார். "பக்ஷே, ஸ்டியரிங்க விட்டுட்டுப் பாடறதும் தப்புதான். ரெண்டு கையும் வண்டிக்கு. கேட்டோ?"

தலையாட்டினேன்.

திரும்பும் வழியில் காயல் காற்று. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். மெதுவாக முனக ஆரம்பித்தேன். ஏறும் இடம் நெருங்கியது, தொண்டை தயங்கியது. பக்கத்து இருக்கையிலிருந்து வளையல் சத்தத்தோடு ஒரு கை வந்து என் இடது காதைப் பொத்தியது.

"ம், ஏறுங்க" என்றாள். "ரோட்டப் பார்த்து."