பால்மா ரின்னுக்குள் ஒரு மின்னல்

அந்த நாளில் நான் வெள்ளவத்தையில் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரப்பான் பூச்சியைத் தவிர வேறெந்த உயிரையும் கிட்ட நின்று பாராமலே ஒரு பிள்ளை விலங்கியலில் 'ஏ' எடுத்து மருத்துவபீடம் போகலாம். கரப்பானையும் அது வீட்டிலேயே இருந்தபடியால்தான் பார்த்தார்கள். மற்றதெல்லாம் படம். ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் கீறியதை நான் கரும்பலகையில் கீற, பிள்ளைகள் அதைப் பார்த்துக் கீறுவார்கள். கடைசியில் எல்லா உயிருக்கும் ஒரே முகம்.

எனக்கு அலுத்துப்போனது. தண்ணீர்த் துளிக்குள் ஓடித் திரிகிற சீவன்களை உயிரோடு படம் பிடித்துச் சுவரில் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. முப்பது கடந்தும் கல்யாணம் ஆகாத யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு வரக்கூடாத ஆசை அது என்பது வீட்டுக்கார அன்ரியின் தீர்ப்பு. "கனடாச் சம்பந்தம் வந்து வாசல்ல நிக்குது, இவ தண்ணித் தொட்டியில நுளம்புக் குடம்பி அள்ளுறா" என்று கீழ்வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னா.

பள்ளிக்கூடம் ஒன்று கழித்துவிட்ட பித்தளை நுணுக்குக்காட்டி ஒன்று கிடைத்தது. கமரா, வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பியது. வெளிச்சம்தான் சிக்கல். அந்தச் சீவன்கள் ஒரு கணமும் சும்மா நிற்காது. மேசை விளக்கில் எடுத்தால் பிலிமில் புகைக்கோடு ஒன்றுதான் விழும். இமைக்கிறதுக்குள் வந்து போகிற வெளிச்சம் வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண ஸ்ரூடியோவின் அலுமாரிக்குப் பின்னால் பழைய பிளாஷ் ஒன்று கிடந்தது. தோளில் தொங்கவிடுகிற இரும்புப் பெட்டி, அதிலிருந்து தடித்த வயர், வயரின் நுனியில் கைபிடியோடு சருவச்சட்டி மாதிரி ஒரு முகம். ஸ்ரூடியோ முதலாளி தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இது மந்திரிமாரின்ர கலியாணம் எல்லாம் எடுத்த சாமான், மகள். இதுக்கு முன்னால கண்ண மூடாத பொம்பிளை கொழும்பிலயே இல்ல." அதைப் பெருமை என்றே நினைத்துச் சொன்னார். வேலை செய்யுமா என்று கேட்டேன். "போன கிழமையும் அடிச்சது" என்றார். உள்ளே திறந்தபோது எலி ஒன்று குடும்பம் நடத்தி முடித்துவிட்டுப் போயிருந்தது.

கறளைச் சுரண்டினேன். எலி தின்ற வயர்களை மாற்றினேன். பெட்டிக்குள் இருந்த பெரிய கொண்டென்சர்தான் பயம். மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரேயடியாகக் கக்குகிற உருளை அது. நெடுநாள் சும்மா கிடந்ததற்கு ஒரேயடியாக மின்சாரம் ஊட்டினால் வெடிக்கும் என்று ரேடியோ திருத்தும் புத்தகம் ஒன்றில் வாசித்திருந்தேன். இடையில் ஒரு பல்பைத் தொடுத்து, பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி பருக்குகிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். ஒரு முறை மறந்துபோய்த் தொட்டு, தோள்மூட்டு வரை விறைத்து, கட்டிலுக்குக் கீழே போய் விழுந்தேன். இன்னொரு முறை வீடு முழுக்கக் கரண்ட் போனது. அன்ரியின் ரீவி நாடகத்தில் அப்போதுதான் கதாநாயகி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாளாம். அந்த உண்மையை அன்ரி இன்றுவரை அறியமாட்டா. அதற்கும் நானே பொறுப்பு.

கடைசியில் அது அடித்தது. வெளிச்சக் குழாயைச் சருவச்சட்டி முகத்திலிருந்து கழற்றிப் பால்மா வந்த வெறும் தகர ரின் ஒன்றுக்குள் பொருத்தி, நுணுக்குக்காட்டியின் கண்ணாடி இருந்த இடத்துக்குக் கீழே வைத்தேன். பழைய பிளாஷ் கமராவைச் சுட்டுவிடும் என்ற பயத்தில் இரண்டையும் தொடுக்கவில்லை. அறையை இருட்டாக்கி, கமராவின் வாயைத் திறந்துவைத்து, நீள வயரின் நுனியில் இருந்த பொத்தானை அமத்துவேன். அது வீட்டு அழைப்புமணிப் பொத்தான். மேலே சின்ன மணிப்படம்கூட இருந்தது. முதற்படமாக, தலையில் மயிர்ச் சக்கரம் சுற்றுகிற ஒரு சீவன் அசையாமல் விழுந்தது. ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. கண்டு நான் அழுதேன். கனடாக்காரன் வேண்டாமென்று சொல்லிவிட்டான் என்று அன்ரி நினைத்தா.

சண்டைக் காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸார் எங்கள் ஒழுங்கையை வளைத்துச் சோதனை செய்தார்கள். என் அறைக்கு வந்த சார்ஜன்ட் மேசையைக் கண்டதும் அப்படியே நின்றார். இரும்புப் பெட்டி, உருளை, ரின், நீள வயர், நுனியில் பொத்தான்.

"மே மொகக்த?" இது என்ன என்று அவர் கேட்டது எனக்கில்லை, அன்ரிக்கு.

இருபது வருசமாகக் கொழும்பில் இருந்தும் மரக்கறிக்காரனோடு கைப்பாஷையில் பேரம் பேசுகிற அன்ரிக்கு, அந்த நிமிசம் சிங்களம் ஆறாகப் பெருகி வந்தது. தான் அறையை மட்டும்தான் வாடகைக்குக் கொடுத்தவ, இந்தப் பெண்ணின் முகத்தைக்கூட வடிவாகப் பார்த்ததில்லை, தானும் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டவ.

"நுளம்புக் குடம்பியைப் படம் எடுக்கிறது" என்றேன் நான். உண்மை அவ்வளவு கேவலமாக ஒலித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

சார்ஜன்ட் நுணுக்குக்காட்டியைத் தூக்கி யன்னலால் கடலுக்கு நீட்டி, கண்ணை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததால் சந்தேகம் கூடியது.

கொண்டுபோக வேண்டும் என்று முடிவானது. யார் தூக்குவது என்பதில்தான் இழுபறி. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னையே தூக்கச் சொன்னார்கள். ஒழுங்கையில் பிடித்த இளந்தாரிகளை எல்லாம் ஒரு ட்ரக்கில் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்திருந்தது. எனக்கு மட்டும் முழு ஜீப். பின்சீற்றில் மடியில் பெட்டியும் பக்கத்தில் நுணுக்குக்காட்டியுமாக நான். சாரதி கழுத்தை ஸ்டியரிங்குக்குள் புதைத்துக்கொண்டு ஓட்டினான். காலி வீதியில் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் அதை முற்றத்து மரத்தடியில் வைத்து அடித்துக் காட்டச் சொன்னார். எல்லோரும் மணல்மூட்டைக்குப் பின்னால் போனார்கள்.

"பிளக் வேணும், சேர்" என்றேன்.

முற்றத்தில் பிளக் இல்லை. தேடிப் பார்த்ததில், நிலையம் முழுவதிலும் வேலை செய்கிற பிளக் ஒன்றே ஒன்று. இன்ஸ்பெக்டரின் மேசையில், தேத்தண்ணிக் கேத்திலைக் கொழுவுகிறது. ஆகவே அவருடைய மேசையில் பெட்டியை வைத்தோம். அவர் வெளியில் போனார். யன்னலுக்கு வெளியிலிருந்து கட்டளை வந்தது.

பெட்டி மெல்ல முனகத் தொடங்கியது. சின்னச் செம்மஞ்சள் விளக்குப் பற்றியது. "ஐயோ, பத்துது, பத்துது!" என்று யாரோ சிங்களத்தில் கத்தினார்கள். பொத்தானை அமத்தினேன். டப். கூரையில் ஒரு வெள்ளை வட்டம் வந்து போனது. ஒன்றும் நடக்காததை எல்லோரும் கொஞ்ச நேரம் நம்பவில்லை. வாசலில் குப்புறப் படுத்திருந்த கான்ஸ்டபிள் எழும்பி, பேனை விழுந்ததைத் தேடியதாகச் சொன்னார்.

பிறகு, இது எதற்கு என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய குடிதண்ணீர்ப் பீப்பாவிலிருந்து ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்து, கீழே கைவிளக்கு ஒன்றைப் பிடித்தேன். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை. "இது... நாங்கள் குடிக்கிற தண்ணியா?" என்று கேட்டார்.

"ஓம், சேர்."

"இன்றைக்குமா?"

"காலமைத் தேத்தண்ணியும் இதிலதானே போட்டிருப்பினம்."

அவர் கையிலிருந்த கோப்பையைத் தூரத் தள்ளி வைத்தார். செய்தி பரவியது. சார்ஜன்ட் வந்து பார்த்தார், சாரதி வந்து பார்த்தான், சமையல்காரன் வந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தான். நிலையமே வரிசையில் நின்றது. வெளியில் வெயிலில் அந்த இளந்தாரிகள் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். வரிசை முடியும்வரை ஒருவரும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க அவ்வளவு ஆவல்.

பின்நேரம் என்னை விட்டார்கள். பெட்டியையும் ரின்னையும் நுணுக்குக்காட்டியையும் திருப்பித் தந்தார்கள். பொத்தானை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நெஞ்சை நிறுத்தக்கூடிய கொண்டென்சர் ஆபத்தில்லை, கடையில் வாங்குகிற அழைப்புமணிப் பொத்தான் ஆபத்து. "பட்டன் பாதுகாப்புக்குக் கூடாது, மிஸ்" என்றார் இன்ஸ்பெக்டர் அன்பாக.

வீட்டில் அன்ரி பால் தேத்தண்ணியோடு வாசலில் நின்றா. "நான் அவங்களுக்கு அப்பவே சொன்னனான், பிள்ளை தங்கமெண்டு." அறையை மாச முடிவில் விட்டுவிடச் சொன்னா. அதே மூச்சில், "இன்ஸ்பெக்டர் இனி உமக்குத் தெரிஞ்ச ஆள்தானே, என்ர தங்கச்சியின்ர மோன் லண்டன் போறதுக்கு ஒரு பொலிஸ் ரிப்போட் எடுத்துத் தருவீரோ?" என்றா.

பாமன்கடைப் பக்கம் வேறு அறை எடுத்தேன். புதுப் பொத்தான் வாங்கிப் பிறகும் பிடிபட விருப்பமில்லை. ரப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு வயர் நுனியையும் முட்ட வைத்தேன். பொறி பறக்கும், பிளாஷ் அடிக்கும். அப்படி எடுத்த ஸ்லைட்டுகளை வகுப்பில் சுவரளவு பெரிதாகக் காட்டினேன். பிள்ளைகள் பேனையைத் திறந்து கீறத் தொடங்கினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. முன்வாங்கில் இருந்த கெட்டிக்காரி கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், இது சோதினைக்கு வருமா?"

"வராது" என்றேன்.

பேனைகள் மூடுகிற சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது.

ரியூட்டரி முதலாளி மட்டும் கடைசிவரை நின்று பார்த்தார். வெளிச்சம் நல்ல வடிவாக விழுகிறது என்றார். அடுத்த கிழமை தன் மகளைக் கூட்டிவந்தார், லண்டன் சம்பந்தத்துக்குப் படம் எடுக்க. ரின்னின் வாயில் யோகட் கப் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, "சிரியும், பிள்ளை" என்று சொல்லி வயரை முட்ட வைத்தேன். அந்தப் பிள்ளை பொறிக்குப் பயந்து கண்ணை அகலத் திறந்தது. முகத்தில் ஒரு பருவும் தெரியவில்லை. சம்பந்தம் பொருந்திவிட்டது. அந்தப் பிளாஷால் நான் எடுத்த படங்களில் பாராட்டுக் கிடைத்தது அது ஒன்றுக்குத்தான். அதற்குப் பிறகு, பெண் பிள்ளை உள்ள தாய்மார் வாசலில் வந்து நின்றால், தண்ணீர்த் தொட்டியடியில் நிற்கிறேன் என்று சொல்லிவிடும்படி புது வீட்டுக்காரியிடம் சொன்னேன். பொய்யில்லை.