பிந்திப் பிறந்த அக்கா

எனக்கு இரட்டைப் பெண்பிள்ளைகள். முதலில் வெளியே வந்தவளைச் சின்னவள் என்கிறோம். அவளுக்குப் பின்னால் வந்தவளைப் பெரியவள் என்கிறோம். மனைவியின் வீட்டுப் பக்கத்தில் அப்படித்தான் வழக்கமாம். வயிற்றுக்குள் முதலில் குடிவந்தவள் உள்ளே போய் இருந்துவிடுவாளாம், பிறகு வந்தவள் வாசலோடு இருப்பாளாம், ஆகவே வெளியே வரும்போது தங்கைதான் முந்துவாளாம்.

"லாச்சப்பல் பஸ்ஸிலை பாக்கேல்லையே? கடைசியா ஏறினவன்தானே கதவோடை நிண்டு முதல் இறங்கிறான்" என்று மனைவி கேட்டாள். லாச்சப்பல் என்றால் பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகளும் கோயிலும் இருக்கிற இடம். பிள்ளையாரிடம் ஒன்று கேட்டேன், இரண்டாகத் தந்தார். அதில் யார் முதல், யார் பின் என்று நான் ஏன் வழக்குப் பேச வேண்டும்? சின்னவள் மற்றவளை அக்கா என்றே கூப்பிட்டு வளர்ந்தாள். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போதும் பெரியவளின் பெயர்தான் முதல். நட்சத்திரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஆனால் பிரெஞ்சுக்காரர் வேறு விதமாக எழுதி வைத்திருந்தார்கள். என்னுடைய கார்த் வித்தாலில், அதாவது டாக்டரிடம் காட்டுகிற அட்டையில், பிள்ளைகள் இருவரும் ஒரே பிறந்த தேதியோடு இருந்தார்கள். மாறிப்போகாமல் இருக்க ஒருத்திக்கு ஒன்று, மற்றவளுக்கு இரண்டு என்று பிறந்த வரிசையும் பதிந்திருந்தது. சின்னவள் ஒன்று, பெரியவள் இரண்டு. அப்படி ஒரு எண் இருப்பதே எனக்குத் தெரியாது.

சென்ற கோடையில் சின்னவளுக்குத் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. நான் வேலை செய்கிற மளிகைக் கடை முதலாளி ஒரு பெட்டி மாம்பழம் தந்தார். வீட்டில் எல்லாருக்கும் கால் நிலத்தில் படவில்லை. படிப்புத் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு காரியம்தான் மிச்சம். எபத்தித் பே என்கிற ஈரல் நோய்க்கான தடுப்பூசி முழுதாகப் போட்டாயிற்று என்று ஒரு டாக்டர் கையெழுத்து வைக்க வேண்டும். அது இல்லாமல் ஆஸ்பத்திரியில் ஸ்தாஜ், அதாவது பயிற்சி வேலை, செய்ய விடமாட்டார்கள். ஸ்தாஜ் இல்லையென்றால் இடமும் இல்லை.

அந்த ஊசியைப் பிள்ளைகளுக்குப் பதினொரு வயதில் லாச்சப்பலில் ஒரு வயதான டாக்டர்தான் போட்டார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் எழுதி வைத்ததெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் வழியாக வரும் என்று சொன்னார்கள். ஒரு நாள் மனைவிக்கு லீவு. நாலு பேருமாகச் செவ்ரானில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள மருத்துவ நிலையத்துக்குப் போனோம். பெரியவள் சும்மா துணைக்கு வந்தாள்.

இளம் பெண் டாக்டர். சிரித்தபடி கம்ப்யூட்டரைப் பார்த்தவரின் முகம் மாறியது. சின்னவளைப் பார்த்து மெதுவாகப் பேசினார். பெரியவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: முதல் ஊசியிலேயே சின்னவளின் முகம் வீங்கி மூச்சு முட்டியதாம், இனி ஒருநாளும் அந்த ஊசி போடக்கூடாது என்று எழுதியிருக்கிறதாம், ஆகவே கையெழுத்து வைக்க முடியாதாம்.

சின்னவள் எழும்பியே விட்டாள். "மே நோ! இல்லவே இல்லை! அது நானில்லை, அக்காதான்!"

"ஓம், நான்தான்" என்றாள் பெரியவள், உதட்டைத் தொட்டுக் காட்டி. "சொண்டு ரெண்டும் வடை மாதிரி வீங்கினது. எனக்கு நல்ல ஞாபகம்." பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னாள். வடைக்கு என்ன சொன்னாளோ தெரியாது.

டாக்டர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே கண். சகோதரிகள் ஒருவருக்கொருவர் உதவி செய்வது நல்ல விஷயம்தான், ஆனால் அதை நம்பித் தன்னால் ஒப்பமிட முடியாது என்றார். பொய் சொல்கிறோம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சின்னவள் கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் ஒண்டு சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி என்னிடம்.

"பிள்ளையாராணை பொய்யில்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றேன் பெரியவளிடம்.

"அப்பா, அதை நான் பிரெஞ்சிலை சொல்ல மாட்டன்."

டாக்டர் நல்ல மனுஷி. ஊசி போட்ட அன்றைக்குப் பிள்ளைகளோடு போனது யார் என்று கேட்டார். மனைவி கை உயர்த்தினாள். அவள் தமிழில் சொல்லச் சொல்லப் பெரியவள் பிரெஞ்சில் சொன்னாள். எந்தப் பிள்ளைக்கு அப்படி ஆனது என்று அந்தப் பழைய டாக்டரிடம் சொன்னீர்களா என்றும் கேட்டார்.

"ஓம், கேட்டவர். பெரியவள் எண்டு சொன்னனான்."

பெரியவள் என்றால் முதலாவது பிள்ளை, அது இவள்தானே என்று டாக்டர் சின்னவளைக் காட்டினார்.

"இல்லை, இவள் சின்னவள். உவள்தான் பெரியவள்."

அவள் இரண்டாவதாகப் பிறந்தவள் என்றல்லவா இங்கே இருக்கிறது என்றார் டாக்டர்.

"ஓம். ரெண்டாவதாப் பிறந்தவள். அதாலைதான் பெரியவள்" என்றாள் மனைவி, இதில் என்ன விளங்காமல் இருக்கிறது என்பதுபோல.

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அம்மா, பஸ் கதையைச் சொல்லாதேங்கோ" என்றாள். மனைவி சொன்னாள். கதவையும் காட்டிச் சொன்னாள். டாக்டர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு பொத்தாமலே சிரித்தார்.

சிரித்து முடித்து அவர் சொன்னதை என் அறிவுக்கு எட்டின மட்டும் எழுதுகிறேன். முன்பு ஒவ்வொரு டாக்டரும் தன் பாட்டுக்கு ஊசி விபரம் எழுதுவார்களாம். இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே ஒழுங்கில் எழுதி, ஒரே ஒழுங்கில் வாசிக்க வேண்டுமாம். எந்த ஊசி, எந்தத் தேதி, எந்தப் பிள்ளை, இரட்டையென்றால் எத்தனையாவது பிள்ளை. அந்த ஒழுங்கு பிசகாமல்தான் எங்கள் விபரமும் வந்திருக்கிறது. தொடக்கத்தில் நாங்கள் சொன்னது எதுவோ அதுவே வந்திருக்கிறது. எனக்குக் கோயில் ஞாபகம் வந்தது. ஐயரும் நாங்கள் சொல்லிக் கொடுக்கிற பெயரைத்தானே ஆண்டவனிடம் சொல்கிறார்.

பிறகு அவர் பெரியவளின் தொசியேயை, அதாவது அவளின் மருத்துவப் பதிவை, திறந்தார். அதில் எல்லா ஊசியும் போட்டு முடிந்ததாக இருந்தது. வீங்கின கதை ஒரு வரிகூட இல்லை. எச்சரிக்கை இல்லாததைப் பார்த்துத் தெரியாத ஒருவர் நாளைக்கு உனக்கு அந்த ஊசியை மறுபடி போட்டுவிடலாம் என்று அவளிடம் சொன்னார். அதுவரை பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள் தன் உதட்டைத் தடவிப் பார்த்தாள். சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். தன்னுடைய கையெழுத்தை அந்த நேரம் அவள் மறந்தே போனாள் என்று நினைக்கிறேன். மனைவி எதையோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டாள்.

இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள். அடுத்த கிழமை முடிவு வந்தது. சின்னவளின் இரத்தத்தில் ஊசியின் பாதுகாப்பு நிறைவாக இருந்தது, மற்றவளில் அது போதவில்லை. டாக்டர் இரண்டு தொசியேயையும் திருத்தினார். பெரியவளுடையதில் எச்சரிக்கையை ஏற்றிவிட்டு, சின்னவளின் தாளில் ஒப்பமிட்டார். வெளியே வரும்போது மனைவியிடம், "இனி எந்த டாக்டரிடமும் பெரியவள், சின்னவள் என்று சொல்லாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள்" என்றார். மனைவி ஓம் என்று தலையாட்டினாள். ஆனால் போன மாதம் பல் டாக்டரிடம், "இவள் ரெண்டாவது, ஆனா மூத்தவள்" என்றுதான் தொடங்கினாள்.

ஒப்பம் கிடைத்த அன்றைக்கே அந்தத் தாளோடு நேரே லாச்சப்பலுக்குப் போய்க் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தோம். ஐயர் பெயர் கேட்டபோது மனைவிக்கு முந்திப் பெரியவள் சொன்னாள்: "ஐயா, இண்டைக்கு இவளின்ரை பேரை முதல் சொல்லுங்கோ." மனைவி வாயைத் திறந்தாள். "சும்மா இரும்" என்று அவளின் கையைத் தொட்டேன். ஐயர் அப்படியே சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், கண்ணீர் வந்ததைப் பிள்ளைகள் காணக்கூடாது என்று.

திரும்பி வரும்போது ரயிலில் சனம். பெரியவள் வேண்டுமென்றே கதவோடு நின்றாள். செவ்ரான் வந்ததும் எங்கள் எல்லாருக்கும் முதல் குதித்து இறங்கித் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியே, இப்ப நான்தான் தங்கச்சி!"

சின்னவள் ஆறுதலாக இறங்கினாள். தாளை மட்டும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பிரசாதமும் தேங்காயுமாகக் கனத்த பையை அவளிடம் நீட்டினாள்.

"அப்ப இதைத் தூக்கிக்கொண்டு வா."