வலிக்காத காயங்கள்

என் உள்ளங்கையில் இரத்தம் கசிவதை முதலில் பார்த்தவர் ரோஸ்லின் மைனி, என் கணவரின் அக்கா. தொண்ணூறுகளின் கடைசி. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் எங்கள் பங்குக் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து எழுந்தோம். என் இரு உள்ளங்கைகளின் நடுவிலும் புண். வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது பாதத்திலும் ஒன்று.

"வலிக்குதா ஸ்டெல்லா?"

"இல்ல மைனி. ஒண்ணுமே தெரியல."

அவர் முழந்தாளிட்டு என் கையை முத்தமிட்டார்.

ஐந்து காய வரம் (சிலுவையில் இயேசு பட்ட காயங்கள் ஒருவர் உடலில் தோன்றுவது) என்று பேச்சு பரவியது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பிடித்தும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கன்னியாகுமரிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்து, திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ஹாஸ்டலில் சமையல் செய்துகொண்டிருந்தவள் நான். அதுவரை யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. தொண்டையில் கட்டி உள்ள ஒரு பெண் வந்து, "அக்கா, ஒருக்கா தொடுங்க" என்றாள். தொட்டேன்.

பத்து நாள் கழித்துப் பங்குத்தந்தை அழைத்தார். மலையாளி, வயதானவர். கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வேதனையுண்டோ மோளே?"

"இல்ல, ஃபாதர்."

மற்றக் கையையும் திருப்பிப் பார்த்தார். "இந்த வரம் கிட்டிய புனிதர்கள் எல்லாம் வேதனையில துடிச்சவங்க. கர்த்தாவோட வேதனையில பங்கு, அதாணு அதுக்கு அர்த்தம். வேதனை இல்லாத்த முறிவு, வெறும் புண்ணு இது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

தோல் மருத்துவர் ஒரு பெண். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடும்போது சொல்ல வேண்டும். காத்திருந்தேன்.

"தொடுங்க டாக்டர்."

"நாலு தடவை தொட்டாச்சு."

முழங்கையில் நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. சூடான பாத்திரங்களை வெறுங்கையால் இறக்குவேனா என்று கேட்டார். எல்லாருக்கும் சுடுவது எனக்கு மட்டும் சுடாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

"ஹான்சன் நோய்" என்றார். (தொழுநோய். தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய்.) "ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டா குணமாகும். மருந்து தொடங்கிட்டா மத்தவங்களுக்குப் பரவாது. ஆனா போன உணர்ச்சி திரும்புமான்னு சொல்ல முடியாது."

இதை வாசிக்கும் உங்களுக்கு உடலில் எங்காவது நிறம் மாறி, தொட்டால் தெரியாத திட்டு இருந்தால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். என் தோளில் அப்படி ஒன்று மூன்று வருடம் இருந்தது. தேமல் என்று விட்டுவிட்டேன்.

ஹாஸ்டலில் இனி வர வேண்டாம் என்றார்கள். தொண்டைக் கட்டிக்காரி வாசலுக்கு வெளியே நின்று, "எனக்கும் வந்துருமா அக்கா?" என்று கேட்டாள். அப்படி வராது, பயமிருந்தால் டாக்டரிடம் காட்டிக்கொள் என்றேன். என் கையை முத்தமிட்ட மைனி, ஐந்து வயதான என் மகள் ஜெசியைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனார். மருத்துவர் சொன்னதை எவ்வளவோ சொன்னேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு மாசம்தான்" என்றார்.

பதினொரு மாதம் ஆனது. இரண்டு தெருதான் தள்ளி. காலையில் அவள் பள்ளிக்குப் போவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். மாத்திரையால் சிறுநீர் சிவந்தது, முகம் கறுத்தது. புண்கள் ஆறின. வலியைக் கொடு என்று ஜெபித்திருக்கிறேன். வரம் வேண்டி அல்ல, சாதாரண வலி போதும் என்று.

கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உணர்ச்சி திரும்பவில்லை. இன்றும் மாலைதோறும் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கையையும் காலையும் கண்ணால் தடவிப் பார்க்கிறேன். உடம்பு சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். அதுவும் தாமதமாகத்தான் சொல்லும்.

ஜெசி திரும்பி வந்த திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். முன்பல் இரண்டு விழுந்திருந்தன. நான் கேட்டதற்கெல்லாம், "ரோஸ்லின் அத்தைக்குத் தெரியும்" என்றாள். கையை நீட்டினேன், தயங்கிப் பிடித்தாள். பேசிக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் மீன்சந்தை வளைவில் தூரமாக நின்றிருந்தாள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. எப்போது கையை உருவிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் விரல்கள் அப்போதும் மூடியே இருந்தன.