கண்ணாடிக்காரம்மாவின் குரலுக்கு ஒரு கார்

டொக்கண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது அவருக்கும் அவருடைய அடையாள அட்டைக்கும் நடுவில் இருக்கிற ரகசியம். கார் கதவைக் கண்டால் விரலை மடக்கி 'டொக் டொக்' என்று தட்டுவார். அதனால் தெருவுக்கே டொக்கண்ணன். கார் மட்டுமில்லை. தர்பூசணி, தண்ணீர் டிரம், புது பீரோ, எதையும் தட்டாமல் நம்ப மாட்டார். "இவரைத்தான் கட்டிக்கப்போறேன்" என்று மகள் ஒருவரைக் கூட்டிவந்தபோது அவர் முதுகையே தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள காலி இல்ல, நல்லா இருங்க" என்றவர்.

காருக்குள் சத்தம் நுழையாமல் பார்ப்பது அவர் தொழில். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைச் சுருட்டி, தகரம் எங்கே 'ணங்' என்கிறதோ அங்கே சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். குறி மேல் ஷீட்டை ஒட்டி, சின்ன உருளையால் முழங்கை வலிக்கத் தேய்ப்பார். மறுபடி தட்டினால் மூட்டையைத் தட்டியது போல 'தப்' என்று வர வேண்டும். வந்தால் அந்தக் காருக்குத் தேர்ச்சி.

ஊரில் உள்ள கார்களை எல்லாம் அமைதியாக்குகிற இந்த மனிதரின் குரல் இருக்கிறதே, லாரி ஹாரன் வந்து அவரிடம் பாடம் படிக்கணும். இருபத்தேழு வருடம் தகரப் பட்டறைக்குப் பக்கத்திலேயே கடை, கத்தினால்தான் பேச்சு. அடுத்த கடையில் டயர் மாற்றுகிற என் காதில் அவர் ரகசியம் சொன்னால், மூன்றாவது தெருவில் யாராவது "அப்படியா!" என்பார்கள்.

அவரிடம் ஒரு நாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பழைய டீசல் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கார் வருவது எங்களுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே தெரியும். அவ்வளவு சத்தம்.

"பாட்டு கேக்கணுமா சார்? ஸ்பீக்கர் என்ன போட்டிருக்கீங்க?" என்று டொக்கண்ணன் கேட்டார்.

"பாட்டு இல்லண்ணே. வீட்டுக்காரம்மா பேசுறது கேக்கணும்."

டொக்கண்ணன் சிரித்துவிட்டார். "அவனவன் கேக்காம இருக்க வழி தேடுறான், நீங்க என்ன சார்!"

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிப் பத்து மாதம். உயிர் மீண்டது, குரல் மீளவில்லை. தாளோடு தாள் உரசுகிற அளவுக்குத்தான் வருகிறது. மாதம் ஒருமுறை நாலு மணி நேரம் பயணம் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முப்பது வருடம் கடை, வீடு, பிள்ளைகள் எல்லாக் கதையையும் அவர்கள் பேசித் தீர்த்தது காரில்தான். இப்போது அவள் உதடு அசைகிறது, என்ஜின் தின்றுவிடுகிறது.

"எழுதிக் காட்டலாமே சார்?"

"ரோட்டப் பாப்பேனா, சீட்டப் பாப்பேனா?"

டொக்கண்ணன் அன்றைக்கு ஒரு மணி நேரம் எதையும் தட்டவில்லை.

மறுநாள் பெஞ்சு மேல் மூன்று துண்டுகளை வைத்தார். ஒன்று தார் ஷீட். மலிவு, கனம், சத்தத்தை அமுக்கும். இரண்டாவது, பசை அடித்து ஒட்டுகிற கம்பளி. மூன்றாவது ரப்பர் ஷீட், மேலே வெள்ளித் தாள், விலை கொஞ்சம் கண்ணைக் கட்டும். வேறு யாராக இருந்தாலும் தார் ஷீட்டைத்தான் தலையில் கட்டியிருப்பார்கள். இவர் மூன்றையும் மொட்டைமாடியில், நடு வெயிலில், தனித்தனிச் சட்டிகளைக் கவிழ்த்து மூடி வைத்தார். மத்தியானம் கண்ணாடிக்காரரோடு கண்ணாடிக்காரம்மாவையும் வரச்சொல்லி ஒவ்வொரு சட்டியாகத் திறந்து காட்டினார்.

தார்ச் சட்டி திறந்ததும் புது ரோடு போட்ட வாடை. அம்மா இருமி இருமிக் கண் கலங்கிவிட்டார். பசைக்கு முந்தானையால் மூக்கை மூடினார். ரப்பருக்கு ஒன்றும் செய்யவில்லை. குனிந்து இன்னொரு தடவை முகர்ந்துவிட்டுக் கையை அசைத்தார்: சரி.

"வெயில்ல கார் நிக்கும் சார். உள்ள நாலு மணி நேரம் உக்காரப்போறது அவங்க தொண்டை, என் தொண்டை இல்ல" என்றார் டொக்கண்ணன்.

ஐந்து நாள் வேலை. தரை, நாலு கதவு, கூரை எல்லாம் ஒட்டியாயிற்று. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடிக்காரரை ஓட்டச் சொன்னார்.

"சார், கேக்குதா?"

"தெளிவா கேக்குது."

"முடிஞ்சது கதை!"

முடிந்தது எங்கே? அடுத்த வாரம் அதே கார் திரும்பி வந்தது. கண்ணாடிக்காரர் முகம் சுருங்கிக் கிடந்தது.

"அண்ணே, கார் நல்லா அடங்கிருச்சு. ஆனா அவ பேசுறது கேக்கல."

டொக்கண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "நீ யார் குரலை வச்சு சோதிச்ச? ஒன் குரல்தானே? நீ பேசினா ரயில் என்ஜினுக்குள்ள கூட கேக்குமே!"

அவர் முகம் விழுந்ததைப் பார்த்த பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. இருபத்தேழு வருடமாக எல்லாக் காரையும் அவர் அப்படித்தான் சோதித்திருக்கிறார். கேட்குதா என்று கேட்டிருக்கிறார், ஊருக்கே கேட்டிருக்கிறது.

"அம்மா, இந்த தடவ நீங்கதான் மாஸ்டர். எங்க சத்தம் வருதுன்னு கைய காட்டுங்க. நான் வாயத் திறந்தா இவன் என் வாயில டயர மாட்டட்டும்" என்றார் டொக்கண்ணன், காருக்குள் இருந்த அம்மாவிடம்.

அம்மா முன்சீட்டில், நாங்கள் இருவரும் பின்னால். வண்டி ஓடியது. குரல் போன பிறகு அவருக்குக் காது இரண்டு மடங்கு ஆகியிருக்க வேண்டும். தலையைச் சாய்த்துக் கேட்டார். விரல் பின்பக்கம் போனது, கீழே இறங்கியது: பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு. அங்கே ஒரு துண்டுகூட ஒட்டவில்லை. பிறகு தன் பக்கத்துக் கதவின் விளிம்பைத் தொட்டார். கடைக்குத் திரும்பி டொக்கண்ணன் ஒரு காகிதத்தை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தார். காகிதம் கேட்காமலே கையோடு வந்தது. கதவோர ரப்பர் செத்துப்போய் எத்தனை வருடமோ.

வளைவுகளில் ஷீட்டும் மேலே நுரைப்பஞ்சும் வைத்து, நாலு கதவுக்கும் புது ரப்பர் மாட்டினார். மறுநாள் காலை மறுபடி நால்வரும் கிளம்பினோம். ஊரைத் தாண்டி நேர் ரோடு. டொக்கண்ணன் உள்ளங்கையால் வாயைப் பொத்தியிருந்தார்; பாவம், கண் பிதுங்கியது.

அம்மா ரோட்டைப் பார்த்தபடி ஏதோ சொன்னார்.

"ம்ம்" என்றார் கண்ணாடிக்காரர், பழக்கத்தில். பிறகு திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன சொன்ன?"

"ரோட்டப் பாருங்கன்னேன்."

பின்சீட்டில் எங்களுக்கே கேட்டது. டொக்கண்ணன் என் தொடையில் ஒரு தட்டு தட்டினார், இன்னும் அந்த இடம் கன்றியிருக்கிறது.

அம்மா மறுபடி பேசினார். "இந்த மாசம் டாக்டர் மறுபடி வெட்டணும்னு சொன்னா, நான் ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டேன். போன தடவ கார்ல போகும்போதே இதக் கேட்டேன்ல, நீங்களும் சரின்னு தலையாட்டினீங்க. அதுல எனக்கு நிம்மதி."

வண்டியின் வேகம் குறைந்தது. ஓரமாக நின்றது.

"நான் கேக்கவே இல்லடி" என்றார் அவர். "ஒண்ணும் கேக்காமத்தான் ம்ம் போட்டேன். பத்து மாசமா அப்படித்தான் போடுறேன்."

அம்மா அவரைப் பார்த்தார். "எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"சரி. இப்ப கேட்டுச்சுல்ல? இப்ப சொல்லுங்க."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இவ்வளவு அமைதி தேவையா என்று எனக்கே தோன்றியது. ஒரு 'ணங்' வந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை பாவி மனுஷன்.

டொக்கண்ணன் கதவைத் திறந்தார். "சார், கனம் குறைச்சு ஓட்டிப் பாக்கணும், அதுதான் முறை. நாங்க ரெண்டு பேரும் மூட்டை மாதிரி இருக்கோம். நீங்க போயிட்டு மெதுவா வாங்க."

அப்படி ஒரு முறை எந்தப் பட்டறையிலும் கிடையாது. வெயிலில் நாலு கிலோமீட்டர் நடந்தோம். கடை வாசலில்தான் டொக்கண்ணன் கேட்டார், அவரால் முடிந்த அளவு சின்னக் குரலில்: "அவரு என்ன சொல்லியிருப்பாரு?"

"நமக்கெதுக்குண்ணே?"

"அதுவும் சரிதான்."

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். வண்டியை வாசலில் நிறுத்தியும் இறங்கவில்லை. கார் ஜன்னல்கள் ஏற்றியிருந்தன. உள்ளே அம்மாவின் விரல் காற்றில் எதையோ எண்ணியது. கண்ணாடிக்காரர் மறுப்பது போலத் தலையசைத்தார், பிறகு கண்ணைத் துடைத்தார், பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

டொக்கண்ணன் கதவருகே போனார். தட்டப் போன விரல் பாதியில் நின்றது. நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டு திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இறங்கும்போது இறங்கட்டும்" என்றார். இந்தத் தடவை எனக்கே சரியாகக் கேட்கவில்லை.